யாருக்கு வேண்டும் இந்த மறைவு?

தருமபுரி வத்தல்மலையில் யார் எந்தக் கட்சி என்பது ரகசியமில்லை. அங்கே பெரியூரில் ஒருவர் ஒரு கட்சிக்கு நூறு ரூபாய் கொடுத்து ரசீது வாங்கினால், பேச்சு மலையின் இன்னொரு ஊரான பால்சிலம்பு வரை போய்விடும். அப்புறம் தொகுப்பு வீடோ பட்டாவோ நூறு நாள் வேலையோ, எதற்குப் போனாலும் அந்த ரசீது ஞாபகத்துக்கு வருமோ என்கிற பயம் இருக்கத்தான் செய்யும். ஆகவே நன்கொடை கொடுப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தில்லியில் பேசப்பட்டபோது நாம் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை.

ஆனால் 2018 ஜனவரியில் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் காப்பாற்றியது யாரை? பெயர் தெரிந்தால் மாற்றுக் கட்சிகள் பழிவாங்கும் என்று தொழிலதிபர்கள் அஞ்சுகிறார்கள் என்றார் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. கட்சிகளுக்குக் கொடுப்பதற்காக ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையிலான பத்திரங்களை ஸ்டேட் வங்கியில் வாங்க முடிந்தது; அவற்றில் வாங்கியவர் பெயர் இருக்கவில்லை. திட்டம் வந்த சில மாதங்களில் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கிப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார். புறஊதா வெளிச்சத்தில் மூலையில் ஒரு எண் தெரிந்தது. வாங்கியவரின் விவரம் முழுவதும் வங்கியில். வங்கியோ அரசுடையது. யாருடைய கோபத்துக்குப் பயப்படவேண்டுமோ அவர்களுக்கு எட்டும் தூரத்தில் பெயர் இருந்தது. வாக்காளருக்கு மட்டும்தான் அது கிடையாது. இந்தத் திட்டத்துக்கு வழிவிட்ட 2017 சட்டத் திருத்தத்தில், மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் கொடுக்கக்கூடாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடை வள்ளல் ஆனது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இந்தத் திட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பில் நமக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. ஒருவருடைய அரசியல் சார்பு அவரது அந்தரங்கம், ஆதரவாகக் கொடுக்கும் பணத்துக்கும் அது பொருந்தும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கைம்மாறு எதிர்பார்த்துக் கொடுப்பதற்குப் பொருந்தாது என்றது.

நீதிமன்ற உத்தரவால் மார்ச்சில் பத்திரப் பட்டியல் வந்தது. வாங்கியவர்களில் முதலிடம், 1,368 கோடியுடன், கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம். அமலாக்கத் துறை விசாரணையில் இருந்த நிறுவனம் அது. அதனிடமிருந்து திமுகவுக்கும் திரிணமூல் காங்கிரசுக்கும் தலா 500 கோடிக்கு மேல். எல்லாப் பத்திரங்களின் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி பாஜகவுக்கு. இவர்களில் யாருக்கு நம் மலைக்காரருக்கு இருக்கும் பயம்? பத்திரமே வேண்டாம் என்று வழக்குப் போட்ட கட்சி மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்; உண்டியல் குலுக்கிப் பழகியவர்கள் அவர்கள்.

உண்மையான பயத்துக்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. குண்டுகளும் கொலைகளும் கண்ட வட அயர்லாந்தில் கட்சிகளுக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் பல ஆண்டுகள் வெளியிடப்படவில்லை. 2017 ஜூலையிலிருந்து கொடுக்கப்பட்டவை வெளியாகின்றன. ஒஹையோவில் சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்கு கொடுத்தவர்களின் பெயர்களை வெளியிடுவதிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் விலக்கு அளித்தது. அந்தச் சிறு கட்சி தன் ஆட்கள் பட்ட துன்பத்தைச் சாட்சியத்தோடு காட்டியது. இங்கே பயத்துக்குச் சாட்சியம் யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

சிறியவருக்கான மறைவு நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் கட்சி பெயர் சொல்லவேண்டும். பெருந்தொகையைத் துண்டுதுண்டாக்கி அந்த ஓட்டையில் நுழைப்பவர்களைப் பிடிக்க, ஒரே ஆளின் ஆண்டு மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் தணிக்கை போதும். அதற்காக மலையில் நூறு ரூபாய் கொடுத்தவரைப் பட்டியலில் ஏற்றக்கூடாது. பல கம்பெனிகளின் பணத்தை ஒரே பானையில் கலந்து கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள், எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று சொல்லியாகவேண்டும். நேரமும் முக்கியம். கட்சிகளின் நன்கொடைக் கணக்கு நிதியாண்டு முடிந்த பிறகே வருகிறது. பிரிட்டனில் பொதுத்தேர்தல் சமயத்தில் வாரந்தோறும் அந்தக் கணக்கைக் கொடுக்கவேண்டும். 2024இல் தருமபுரி ஏப்ரல் 19 அன்று வாக்களிக்குமுன் பத்திரப் பட்டியலைப் பார்க்க முடிந்தது நீதிமன்றம் கெடு விதித்ததால்தான். ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டிருந்தது.