காய்ந்த பாணுக்கும் ஒரு போத்தல் வையுங்கள்

காலையில் வாங்கிய ஒரு இறாத்தல் பாணில் இரவுக்குள் நாலு துண்டு மிஞ்சுவது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழமை. மறுநாள் அது கோழிக்குப் போகும். கோழி இல்லாத வீட்டில் குப்பைக்குப் போகும். அதே வீட்டில் மீன் கட்லட் பொரிக்கும் நாளில் கடைக்கு ஆள் அனுப்பி ரஸ்க் தூள் பைக்கற் வாங்குகிறார்கள். எறிந்ததையே காசு கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கம் மாறவேண்டும்.

கோதுமை இலங்கையில் விளைவதில்லை. கப்பலில் வரும் தானியம் திருகோணமலையிலும் கொழும்பிலும் மாவாகி, லொறியேறி வடக்கே வருகிறது. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது மா விலை ஏறியது. எரிவாயு கிடைக்காமல் பல வெதுப்பகங்கள் மூடின. அந்த நாட்களைக் கண்ட ஊர் பாணை வீசக்கூடாது. அதே ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி தொன் உணவு வீணானதாகவும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானதாகவும் ஐ.நா. சுற்றாடல் திட்டம் கணக்கிட்டது.

காயவைத்துக் காப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்தால் கூழுக்கு மா. பனம்பழக் களி பாயில் காய்ந்து பினாட்டாகிறது. மோர்மிளகாயும் வடகமும் மாரிக்கு முன்பே போத்தலுக்குள் போய்விடும். அந்த வரிசையில் பாணுக்கும் இடமுண்டு.

செய்முறை எளிது. பாணை மெல்லிதாக வெட்டிச் சுளகில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் காயவிடவேண்டும். ஒடித்தால் சடக்கென்று முறியவேண்டும்; வளைந்தால் ஈரம் இருக்கிறது. மாரியில் வெயிலை நம்பாமல் தாச்சியில் இளஞ்சூட்டில் வறுக்கலாம். நன்றாக ஆறியபின் இடித்து அரித்து, உலர்ந்த போத்தலில் இறுக்கி மூடினால் சில வாரங்கள் தாங்கும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணம் கண்ட பாணை இதற்கு எடுக்கவே கூடாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. பட்டரோ சம்பலோ பட்ட துண்டும் ஆகாது.

இந்தத் தூள் கட்லட்டுக்கும் றோல்ஸுக்கும் மட்டுமல்ல. இத்தாலியின் சிசிலித் தீவில் சீஸுக்குப் பதிலாக, எண்ணெயில் வறுத்த பாண் தூளைப் பாஸ்தாவின்மேல் தூவுவது பழைய வழக்கம். இங்கே செத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலையோடு நல்லெண்ணெயில் வறுத்தால் சோற்றுக்கும் அவித்த மரக்கறிக்கும் தூவ நல்ல பொடி கிடைக்கும்.

வீட்டோடு இது நிற்கக்கூடாது. வெதுப்பகங்கள் விற்காத பாணை அன்றே துண்டாக்கி உலர்த்தி, பக்கத்து மாதர் சங்கத்துக்குக் கொடுக்கலாம். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து விற்கும் சங்கங்களுக்கு இது பெரிய வேலையல்ல. பாடசாலைகளில் மனைப்பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை வகுப்பை இதற்கென ஒதுக்கலாம். பனியும் மழையும் குறைந்து வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்கள் இதைத் தொடங்க நல்ல காலம்.