வெற்றிடம் வளமன்று!

இயங்குதளத்தின் கருனியைத் திருடனென்று தூற்றுவார் கூட்டமொன்று கணிப்பொறி உலகில் நெடுங்காலமாக உலவி வருகின்றது. வழங்கிப்பொறிகளைக் காக்கும் பொறுப்பேற்றோருள்ளும் அக்கூட்டத்தார் இருப்பது கொடுமையினும் கொடுமை!

அவர்தம் குற்றச்சாட்டு யாது? “பொறியில் உள்ளது 16 கிகாபைட்டு நினைவகம், வெறுமையாய் எஞ்சியதோ அரை கிகாபைட்டு, மற்றதையெல்லாம் இலினக்சு விழுங்கிவிட்டது” என்பதே. இவ்வாறு புலம்பிவிட்டு, ‘டிராப்_கேச்சசு’ என்னும் கோப்பில் 3 என்ற எண்ணை எழுதும் கட்டளையை மணிக்கொருமுறை தானே இயங்குமாறு அமைக்கின்றனர். வெற்றிடம் பெருகியது கண்டு இறுமாந்து திரிகின்றனர். அந்தோ, அறியாமை!

உண்மையில் நடப்பது என்ன? வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்குங்கால், கருனி அதனைப் பெரும்பாலும் 4096 பைட்டு கொண்ட பக்கங்களாக நினைவகத்தில் தேக்கி வைக்கின்றது. அக்கோப்பு மீண்டும் வேண்டப்படின், வட்டினை நாடாது உடனே ஈகின்றது. நினைவகத்தை எட்ட ஏறத்தாழ 100 நானோநொடி. சுழல்வட்டில் தேடியெடுக்கவோ ஏறத்தாழ 10 மில்லிநொடி. இடைவெளி நூறாயிரம் மடங்கு! கேட்பாரற்று வறிதே கிடக்கும் இடத்தில் படிகளை வைத்தல் திருட்டாகுமோ? ஏரியில் நீர் நிற்பதைக் கண்டு, நிலத்தை நீர் கவர்ந்துகொண்டதென்று கரையை உடைப்பாரும் உளரோ?

தேக்கியதைக் கருனி இறுகப் பற்றிக்கொள்வதுமில்லை. வெற்றிடம் ஒரு வரம்பிற்குக் கீழே தாழ்ந்தவுடன் ‘கேசுவாப்டி’ என்னும் காவலன் விழித்தெழுகின்றான். நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை முதலில் தேர்கின்றான். வட்டில் உள்ளவாறே மாறாதிருப்பவற்றை அப்படியே விடுவிக்கின்றான். மாற்றப்பெற்றவற்றை வட்டில் எழுதுவித்த பின்னரே விடுவிக்கின்றான். மேல்வரம்பை எட்டியதும் மீண்டும் உறங்குகின்றான். 2022-இல் வந்த 6.1 பதிப்பு, பக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து முதுமையளக்கும் புதுமுறையையும் சேர்த்துக்கொண்டது. எதனை விடுவது, எதனை வைப்பது என்று இத்துணை நுட்பமாய் ஆயும் கருனியின் கையைத் தட்டிவிட்டு, நல்லதும் தீயதும் பாராது அனைத்தையும் கொட்டிக் கவிழ்ப்பதோ அறிவுடைமை?

‘டிராப்_கேச்சசு’ 2006-இல் 2.6.16 பதிப்பில் வந்தது. ஆய்வுக்கும் பிழை தேடுதற்கும் உரிய கருவி அது. தேக்கத்தின் வளர்ச்சியை அடக்கும் வழியன்று என்று கருனியின் ஆவணமே தெளிவுறக் கூறுகின்றது. விரைவளக்கும் ஆய்வாளர் அதனைக் கையாளட்டும், குற்றமில்லை. நாள்தோறும் பணியாற்றும் பொறியில் அதனை ஏவினால், கொட்டியதையே வட்டிலிருந்து மீண்டும் அள்ளவேண்டும். பணி தளரும், பயனர் காத்துக் கிடப்பர்.

தேக்கமெனக் காட்டப்படுவது முழுவதும் மீட்கத்தக்கதன்று என்பதும் உண்மையே. நினைவகத்திலேயே வாழும் கோப்புகளையும், செயல்முறைகள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்களையும் எளிதில் விடுவிக்கவியலாது. அக்கரணியம் பற்றியே 2014-இல் 3.14 பதிப்பு ‘மெம்அவைலபிள்’ என்னும் கணக்கைத் தந்தது. புதுப் பணிக்கு மெய்யாகவே எவ்வளவு கிடைக்கும் என்பதை மதிப்பிட்டுரைப்பது அதுவே. அதனைப் பாராது வெற்றிடத்தை மட்டும் பார்த்து அலறுவோர், களஞ்சியத்து நெல்லை விட்டுக் கையிலுள்ள காசை மட்டும் எண்ணி வறுமைப்பாட்டுப் பாடுவோரே!

இவற்றினும் பெருங்கேடு ஒன்றுண்டு. ஏதோவொரு நிரல் பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தராது ஒழுகவிடுகின்றது என்க. மணிதோறும் தேக்கத்தைக் கொட்டுவோனுக்கு வெற்றிடம் பெருகியதாகவே தோன்றும்; ஒழுக்கோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும். கொட்டுதற்கு ஏதுமில்லாத நாள் ஒன்று வரும். அன்று கருனி செயல்முறைகளைக் கொன்றே இடம் காணும். பிழை நிரலுடையது, பழியோ கருனிக்கு!

கருனியைத் திருத்தப் புகுமுன் கணக்கைப் படிக்கக் கற்பார்களாக! மணிக்கொருமுறை ஓடும் அக்கட்டளையை இன்றே அழிப்பார்களாக! வெற்றிடம் வளமன்று, உழைக்கும் நினைவகமே வளம்!