அண்ணன் சட்டை தம்பிக்குச் சரி, பேட்ஜ்?

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் போதும். எங்கள் வள்ளூர்ப் பக்கம் தையல் கடைகளில் சாம்பல் நிறச் சட்டையும் கருநீல நிக்கரும் தொங்க ஆரம்பித்துவிடும். பிள்ளை சாரணர் படையில் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். கூடவே அம்மாக்களுக்கு ஒரு வேலையும் வந்து சேரும். கையளவு பேட்ஜுகளை வைத்துக்கொண்டு, எதை எங்கே வைத்துத் தைப்பது என்று முழிப்பதுதான் அந்த வேலை!

சாதாரண யூனிஃபார்ம், பையன் எந்தப் பள்ளி என்பதை மட்டும் சொல்லும். சாரணர் சட்டை அப்படியில்லை. இவன் உறுதிமொழி எடுத்தவனா, எந்தப் படியில் நிற்கிறான், அணிக்குத் தலைவனா என்று எல்லாவற்றையும் பேசும். தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் கடிதம் மாதிரி படித்துவிடுவார். அதனால் ஒரு பேட்ஜ் இடம் மாறினாலும் சட்டை தப்பாகப் பேசும். உரிமையில்லாத பேட்ஜ் இருந்தால் பொய்யே பேசும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சட்டையோடு வந்தாள். பெரியவன் போட்டது; அவன் வளர்ந்துவிட்டான். சின்னவன் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான். "சட்டை புதுசு மாதிரியே இருக்குக்கா. ஆனா இவன் போட மாட்டேங்கிறான். கையில இருக்கிற பேட்ஜ் அண்ணன் வாங்கினதாம். 'நான் இன்னும் வாங்கலையே, எப்படிப் போடறது'ன்னு அழறான். பிரிச்சா ஓட்டை தெரியுமே, இருக்கட்டும்னு நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள்.

நான் சின்னவன் பக்கம்தான் பேசினேன். "தப்பா நினைச்சுக்காதேம்மா. பிள்ளை சரியாத்தான் சொல்றான். ஓட்டையை நாம மறைச்சுக்கலாம். ஆனா அவன் மனசுல 'இதுல என்ன இருக்கு'ன்னு ஒரு எண்ணம் விழுந்துட்டா அதைப் பிரிச்சு எடுக்க முடியாது" என்றேன். இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். புதுச் சட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டாமே என்று கணக்குப் பார்க்கும் குடும்பங்கள்தான் நம் பக்கம் அதிகம். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதில் ஒரு குறைவும் இல்லை. சட்டையை வாங்கிக் கொள்ளலாம். பேட்ஜை அவனவன்தான் சம்பாதிக்க வேண்டும்.

எது எங்கே என்று இப்போது பார்ப்போம். சாரணர் பையனின் இடது பாக்கெட்டின் நடுவில் வருவது உறுப்பினர் பேட்ஜ். பச்சைத் துணியில் மஞ்சள் நிற லில்லிப் பூவும் மூவிதழும், நடுவில் அசோகச் சக்கரமும் இருக்கும். 'பிரவேஷ்' என்ற தொடக்கப் பாடத்தை முடித்து, உறுதிமொழி எடுத்த பிறகே அதை அணியலாம். வலது பாக்கெட்டின் நடுவில் உலகச் சாரணர் பேட்ஜ். ஊதாத் துணியில் வெள்ளை லில்லி. பலரும் மாற்றித் தைப்பது இந்த இரண்டையும்தான். "நம் நாட்டுச் சின்னம் இதயத்தின் பக்கம்" என்று நினைவு வைத்துக் கொண்டால் மாறவே மாறாது.

இரண்டு தோளிலும் குழுவின் பெயர்ப் பட்டை. இடது தோளில் அதற்குக் கீழே அவனுடைய அணியின் நிறப் பட்டை. இடது பாக்கெட்டில் உறுப்பினர் பேட்ஜுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் பட்டை நிமிர்ந்து நின்றால், அவன் அணித் தலைவன். இடது கையின் நடுவில் படி பேட்ஜ். 'சோபான்' என்றாலே படி என்றுதான் பொருள். பிரதம், துவிதிய, திருதிய என்று ஏறி, மாநில ஆளுநர் தரும் ராஜ்ய புரஸ்கார், பிறகு குடியரசுத் தலைவர் விருது. மேல்படி பேட்ஜ் வந்ததும் கீழ்ப்படி பேட்ஜை எடுத்துவிட வேண்டும். தனித் திறமைப் பேட்ஜுகள் வலது கையில்.

பெண் குழந்தைகளின் கைடு உடையில் உலக பேட்ஜ் வேறு. நீலத்தில் தங்க நிற மூவிதழ். பேட்ஜ் வைக்கும் இடங்களும் பையன்களுக்குப் போல இல்லை. அண்ணன் சட்டையைப் பார்த்துத் தங்கைக்குத் தைக்காமல், அவளுடைய கைடு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

பழைய சட்டையில் எதை விடலாம், எதை எடுக்கலாம்? ஒரே குழுவாக இருந்தால் தோளில் உள்ள பெயர்ப் பட்டை இருக்கலாம். மற்றதெல்லாம் வெளியே. சட்டையை உள்பக்கம் திருப்பி, மூன்று நான்கு தையலுக்கு ஒரு தடவை பிளேடு நுனியால் நூலை வெட்டுங்கள். பிறகு மேல்பக்கம் லேசாக இழுத்தாலே பேட்ஜ் வந்துவிடும். ஊசி ஓட்டைகளை ஈரத்துணியால் நனைத்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து, உள்பக்கமாக இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். வெயில் படாத இடம் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும். நாலு தோய்ப்பில் மங்கிவிடும். பிரித்த பேட்ஜுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு கெட்டித் துணியில் வரிசையாகத் தைத்துப் பெரியவனிடமே கொடுங்கள். அது அவன் சொத்து.

தைப்பதற்கு முன் சட்டையை ஒரு தடவை தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். துணி சுருங்க வேண்டியது முன்பே சுருங்கட்டும். இல்லாவிட்டால் பேட்ஜைச் சுற்றிச் சுருக்கம் விழும். பேட்ஜை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். பாக்கெட்டுக்குள் ஒரு போஸ்ட் கார்டைச் செருகி, பிறகு கையால் எம்மிங் போடுங்கள். மெஷினில் அவசரமாக ஓட்டினால் பாக்கெட் வாயே மூடிப் போகும். கைகளில் இடம் குறிக்கும்போது பையனுக்குச் சட்டையைப் போட்டுவிட்டுக் குறிப்பதுதான் சரியாக வரும்.

பத்து வயது ஆன பிள்ளையிடம் ஊசியையும் கொடுத்துவிடலாம்! ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று மாமியார் கேட்டால், தன் வேலையைத் தானே செய்யப் பழகத்தானே அங்கே அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். பொத்தான் தைக்கவும் பேட்ஜ் தைக்கவும் தெரிந்தவன் நாளைக்கு ஹாஸ்டலில் திண்டாட மாட்டான்.

நம் வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. உப்புக் காற்றில் ஊக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும். தைக்க நேரமில்லை என்று பேட்ஜை ஊக்கில் மாட்டி அப்படியே விட்டுவிட்டால் பாக்கெட்டில் துருக்கறை நிற்கும். காற்றில் வரும் நிலக்கரிச் சாம்பல் கொடியில் காயும் துணியில் படிந்தால், உலர்ந்தபடியே நன்றாக உதறிவிட்டுப் பிறகு நனையுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் இழைக்குள் ஏறிவிடும்.

கழுத்துத் துணியான ஸ்கார்ஃப் குழுவின் நிறத்தில், இரண்டு பக்கம் 70 முதல் 80 சென்டிமீட்டர் வரை உள்ள முக்கோணம். அது அழகுக்கு மட்டுமல்ல. கை ஒடிந்தவருக்குத் தூளி கட்டவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் ஆகும். அதனால் தோய்த்துச் சுத்தமாகவே இருக்க வேண்டும்.

இந்தச் சட்டைக்கு நம் சென்னையிலும் ஒரு கதை உண்டு. பேடன் பவல் 1907-இல் பிரௌன்ஸி தீவில் முதல் முகாம் நடத்தினார். இந்தியாவில் 1909-இல் படை தொடங்கியபோது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சங்கம் ஆரம்பித்தார். பல சங்கங்களாக இருந்தவை 1950 நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரணர் இயக்கமாக இணைந்தன. 1951 ஆகஸ்ட் 15-இல் பெண்கள் பிரிவும் சேர்ந்தது. அதன் வைர விழா ஜாம்போரி 2025 ஜனவரி கடைசியில் நம் மணப்பாறையில்தான் நடந்தது.

ஒரு காலத்தில் "உனக்கு இல்லை" என்று சொல்லப்பட்ட உடை இது. இன்றைக்கு நம் பிள்ளை அதைப் போடும்போது, அதில் இருக்கிற ஒவ்வொரு பேட்ஜும் அவன் உழைத்து வாங்கியதாக இருக்கட்டும். கை இன்னும் வெறுமையாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். அங்கே ஒரு படி காத்திருக்கிறது, அவ்வளவுதான்.