மார்கழியும் சும்மா ஓடும் எஞ்சினும்

மார்கழி பிறந்துவிட்டால் திருவள்ளூரில் எங்கள் தெரு இரண்டு ஒலிகளோடு விழித்துக்கொள்ளும். ஒன்று, கோயில் ஒலிபெருக்கியில் வரும் திருப்பாவை. மற்றொன்று, வாசல்களில் நிற்கும் கார்களின் உறுமல். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே சாவியைத் திருகி எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே போய்க் காப்பி அருந்திவிட்டு வருவது இங்கே பனிக்கால ஒழுக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கல்லூரிக்குக் காரில் செல்லும் நாங்களும் இவ்வொழுக்கத்தில் பல ஆண்டுகள் வழுவாது நின்றோம். சென்ற மார்கழியில்தான் அதைக் கைவிட்டோம்.

காரணம் எதிர்வீட்டு அம்மையார். இளைப்பு நோய் உள்ளவர். ஆயினும் மார்கழிக் கோலத்தை ஒருநாளும் விடாதவர். ஒரு விடியலில், எங்கள் காரின் புகை தம் வாசல் பக்கம் திரும்பியபோது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிக் கோலத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் நாங்கள் வருத்தம் தெரிவித்தபோது அவர் சொன்னது இதுதான்: "வண்டி சூடாகணும் இல்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் சினந்திருந்தால் நாங்கள் மறந்திருப்போம். எங்கள் பொருட்டு அவரே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் உறுத்தியது. வண்டி உண்மையிலேயே அப்படிச் சூடாக வேண்டுமா? அதுவரை நாங்கள் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாள்களில் பெட்ரோலைக் காற்றோடு கலந்தது கார்புரேட்டர். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் நன்கு ஆவியாகாது. வழியிலேயே குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அதற்காகவே சோக் என்னும் குமிழை இழுத்துக் காற்றைக் குறைத்தோம். எஞ்சின் சற்றுச் சூடேறும்வரை காத்திருந்து குமிழை மெல்ல உள்ளே தள்ளினோம். பொறுமையின்றிப் புறப்பட்டால் வண்டி தெருமுனையில் திணறி நிற்கும். "ஐட்லிங் கொஞ்சம் ஏத்தி வைங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லித் திருகாணியைத் திருகச் செய்ததும் அக்கால வழக்கமே. அன்றைய எஞ்சினுக்கு அது அறிவார்ந்த பழக்கம்.

பிறகு எஞ்சின் மாறியது; பழக்கம் மாறவில்லை. இன்றைய கார்களில் சோக் குமிழ் இல்லை. குளிர்நீரின் வெப்பத்தை ஓர் உணரி அளக்கிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. குளிர்ந்திருக்கும்போது அதுவே எரிபொருளைக் கூட்டி, நிமிடத்துக்கு 1,200 சுற்று அளவில் எஞ்சினை ஓட்டுகிறது. சூடேற ஏறத் தானே 700 முதல் 900 வரை இறக்குகிறது. இது தொலைதூரத்துப் புதுமையும் அன்று. நம் திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1998ஆம் ஆண்டிலேயே வெளிவந்த லான்சர் பெட்ரோல் கார் இவ்வகையைச் சேர்ந்ததுதான். கார்புரேட்டர் இல்லாத காரை நம் ஊரே செய்து அனுப்பியது. நாமோ இன்னமும் மனத்துக்குள் சோக் குமிழை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, குளிர் என்று எதைச் சொல்கிறோம்? நம் முன்பனிக்கால விடியலில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. லடாக்கில் சாதாரண டீசல் உறைந்து ஓட மறுக்கும். அதற்காகவே உறைபனியிலும் ஓடும் தனி வகை டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே அறிமுகம் செய்தது. அது குளிர். நம்மவர் பலர் வாழும் கனடாவில்கூட, சாதாரணக் குளிர்நாளில் அரை நிமிடத்துக்கு மேல் நின்றபடி ஓட்டவேண்டாம், மெல்லச் செலுத்தியே சூடேற்றுங்கள் என்பதுதான் அரசின் அறிவுரை. டொராண்டோ நகரில் தேவையின்றி ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிடுவது விதிமீறல். கம்பளிக் குல்லாய் போட்டு நாம் கொண்டாடும் மார்கழி, எஞ்சினுக்கு ஒரு பொருட்டே அன்று.

நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். மிதமாக ஓட்டினால் விரைந்து சூடாகும். கூடுதலாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் முழுதும் எரியாமல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவுகிறது. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி மாற்றி ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் சூடேறிய பின்னரே ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு முன் வரும் புகைதான் மிகக் கேடானது. அதைத்தான் அண்டை வீட்டின் வாசலில் பத்து நிமிடம் விடுகிறோம். சிறிய பெட்ரோல் கார் இப்படி ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் மார்கழி முழுதுக்கும் ஐந்து மணி நேரம். ஏறத்தாழ மூன்று லிட்டர். காசு சிறிதுதான். மூச்சு சிறிதன்று.

எல்லா வண்டிக்கும் ஒரே விதி என்று நாங்கள் வாதிடவில்லை. தொழிற்பேட்டைக்கு ஆளேற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளில் காற்று பிரேக் உண்டு. தொட்டியில் அழுத்தம் ஏறாமல் வண்டியை எடுப்பது ஆபத்து. ஆகவே ஓட்டுநர் சில நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது கடமையே. அழுத்தம் ஏறியபின்னும் தேநீர் முடியும்வரை ஓடவிடுவதுதான் தவறு. புது மாதிரிக் காரில் சூடேறிய பின்னும் சுற்று இறங்காவிட்டால், அல்லது ஏறி இறங்கித் தள்ளாடினால், அது குளிரின் குற்றமன்று; திராட்டில் பகுதியின் அழுக்கோ உணரியின் பழுதோ இருக்கலாம். பத்து நிமிட உறுமல் அதற்கு மருந்தாகாது.

நண்பர் ஒருவர் கேட்டார்: "கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகள் இத்தனை புகையும்போது, உங்கள் ஒரு காரால் என்ன ஆகிவிடும்?" நியாயமான கேள்விதான். உலைகளைக் கண்காணிக்க வாரியம் இருக்கிறது; அது சரியாகச் செய்கிறதா என்று கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. ஆனால் உலையின் புகை உயர்ந்த புகைபோக்கி வழியே போகிறது. காரின் புகையோ முழங்கால் உயரத்தில், குனிந்து கோலமிடுபவரின் முகத்துக்கு நேரே வருகிறது. பனி விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் அது எளிதில் மேலெழுவதும் இல்லை. பெரிய புகைக்குப் பிறரைக் கேட்போம். சிறிய புகைக்கு நாமே பொறுப்பு.

தமிழில் 'சும்மா' என்றொரு சொல் உண்டு. சும்மா இருத்தலைப் பெரும்பேறாகப் போற்றிய அடியார்கள் வாழ்ந்த மண் இது. வண்டியைப் பற்றியும் "சும்மாதான் ஓடிக்கிட்டிருக்கு" என்கிறோம். ஆனால் ஓடும் எஞ்சின் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. எரிக்கிறது, உமிழ்கிறது, யாரோ ஒருவருக்கு இளைப்பைத் தருகிறது.

இப்போது நாங்கள் காப்பியை முடித்துவிட்டே சாவியை எடுக்கிறோம். இருக்கைப் பட்டையை மாட்டுவதற்குள் எஞ்சினுக்கு வேண்டிய அரை நிமிடம் கழிந்துவிடுகிறது. தெருமுனை தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் அதிகம் மிதிக்காமல் ஓட்டுகிறோம். வண்டிக்கு இதுவரை எக்குறையும் இல்லை. தெருவில் இன்னும் நான்கு கார்கள் உறுமுகின்றன. அவற்றின் உரிமையாளர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எதிர்வீட்டுக் கோலம் இவ்வாண்டு பெரும்பாலான நாள்களில் முழுமையாக இருந்தது.