ஒற்றை அளவை நம்பி ஸ்டீராய்டு வேண்டாம்

கார்டிசால் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருக்கும் ஹார்மோன். மாலையில் எடுத்த ரத்தத்தில் அது குறைந்திருப்பது நோயல்ல. காலை அளவே டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு ஏறக்குறைய உறுதி. அப்படிப்பட்டவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து, தயங்கவே கூடாது. இடைப்பட்ட அளவுள்ளவர்களுக்கு அட்ரீனலைத் தூண்டிப் பார்க்கும் ஏசிடிஹெச் பரிசோதனை செய்யாமல் மாத்திரை தொடங்குவதைத்தான் எதிர்க்கிறேன். சோர்வு தீர்கிறதா என்று சில வாரம் கொடுத்துப் பார்த்தால் என்ன என்பார்கள். ஸ்டீராய்டு ஆரோக்கியமானவருக்கும் முதலில் தெம்பு தரக்கூடியது. அந்தத் தெம்பு எதையும் நிரூபிக்காது. தேவையின்றித் தொடர்ந்தால் பிட்யூட்டரியின் ஏவல் அடங்கி, நல்ல சுரப்பியும் வேலையை மறக்கும். பிறகு திடீரென நிறுத்துவதும் ஆபத்து. குறைபாடு பலமாகச் சந்தேகிக்கப்படுபவருக்கு வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என நெருக்கடி வந்தால் மட்டும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே போட வேண்டும். மற்றவர்கள், அளவைக் குறைத்துக் காட்டக்கூடிய இரண்டையும், அதாவது ரத்தம் எடுத்த நேரத்தையும் மூட்டுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியையும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.