சொற்பட்டியலும் ஸர்ஃபுப் பாடமும்



அரியலூர், பெரம்பலூர் பகுதியிலிருந்து வெளிநாடு செல்வதென்றால் முன்பெல்லாம் வளைகுடா வேலை என்றே பொருள். இன்று பொறியியல் முடித்த நம் பிள்ளைகளில் சிலர் அமெரிக்க முதுகலைப் படிப்பை நாடி ஜி.ஆர்.இ. தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர். அவர்கள் கையில் கடினமான ஆங்கிலச் சொற்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே மனனம் செய்கின்றனர். ஹிஃப்ழ் பழகிய சமூகத்திற்கு மனனம் புதிதன்று. ஆனால் இத்தேர்வுக்கு அது மட்டும் போதாது.

எதிர்ச்சொல், ஒப்புமை ஆகிய வினாக்கள் 2011 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. இன்று கோடிட்ட இடம் கொண்ட வாக்கியமே தரப்படுகிறது. ஒரு வகை வினாவில் ஆறு சொற்களுள் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் சரியாக அமைந்தால்தான் மதிப்பெண். ஒத்த பொருளுடைய ஓர் இணை அங்கிருந்தும், அது அவ்வாக்கியத்திற்குப் பொருந்தாமல் போகலாம்.

மத்ரஸாவில் அரபியை நாம் பட்டியலாகவா கற்பிக்கிறோம்? காஃப், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகளை அறிந்த மாணவன் கலாம், கலிமா, முதகல்லிம் ஆகியவற்றைத் தானே இனங்காண்கிறான். இலத்தீனில் பேசுதலைக் குறிக்கும் 'லொக்வி' என்ற வேரை அறிந்தால் எலக்வென்ட், லொக்வேஷியஸ், கொலோக்வியல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பமாகத் தெரியும். அப்பட்டியல்களில் அஞ்சவைக்கும் 'நேடிர்' நம் அரபுச் சொல்தான்: உச்சிக்கு நேரெதிர்ப் புள்ளியை வானியலார் 'நளீர்' என்றனர்; இன்று அது தாழ்நிலையைக் குறிக்கிறது.

வேர் மட்டும் நம்பத்தக்கதன்று. 'நாய்ஸம்' என்பதைச் சத்தத்தோடு தொடர்புபடுத்துவோர் பலர். உண்மையில் அது அருவருப்பான நாற்றத்தைக் குறிப்பது. ஆகவே முன்பின் வாக்கியங்களைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். தஃப்ஸீர் வகுப்பில் ஸியாக் என்று நாம் வலியுறுத்துவதும் இதையே. நாள்தோறும் தரமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்து, அறியாத ஐந்து சொற்களை வாக்கியத்தோடு எழுதி வைப்பது பட்டியலைவிடப் பயன் தரும்.

இதெல்லாம் தீனுக்குத் தேவையா என்று வினவும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். நபி (ஸல்) அவர்களின் கட்டளையை ஏற்று ஸைத் பின் ஸாபித் (ரலி) யூதர்களின் எழுத்தை அரை மாதத்திற்குள் கற்றதாகத் திர்மிதீயில் அறிவிப்பு உள்ளது. கடிதங்களை எழுதவும் படிக்கவும் அது தேவைப்பட்டது.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் இன்று ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பயிற்சி மையத்திற்குப் பணம் கட்டும் முன், விண்ணப்பிக்கும் துறை அதைக் கேட்கிறதா என்று பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.