மருந்துக்கும் ஸனத் வேண்டும்

அஸர் தொழுகை முடிந்து பாடம் தொடங்குவதற்கு முன் நம் மாணவர் ஒருவர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஹிஜாமாவைப் பற்றிப் பேசும் பக்கம் அது. குவளை வைத்து உறிஞ்சும் சிகிச்சை முறைகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். முதல் வரியிலேயே 'போலி அறிவியல்' என்ற சொல் நின்றது. "ஹஜ்ரத், நபி (ஸல்) அவர்கள் செய்துகொண்ட ஒன்றை இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் இருபது பேர் சேர்ந்தால் ஒரே இரவில் மாற்றிவிடலாம். செய்யலாமா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நம் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர மற்றெல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி மேலே இருந்தது. அதன் கீழே, நாற்பது நாள் கருஞ்சீரகம் உண்டால் சர்க்கரை நோய் வேரோடு நீங்கிவிடும், அதன்பின் மாத்திரை தேவையில்லை என்று ஒரு குறிப்பு. மேலே இருந்த ஹதீஸ் ஸஹீஹானது, புகாரியில் பதிவானது. அதைக் கண்ட மாத்திரத்தில் கீழே இருந்ததையும் சேர்த்து நாம் நான்கு குழுக்களுக்கு அனுப்பினோம். அக்குழுக்களில் ஒன்றில் இருந்த ஒரு சகோதரர் மாத்திரையை நிறுத்தினார். காலில் வந்த சிறு புண் ஆறவில்லை. இறுதியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நலம் விசாரிக்கச் சென்றபோது அவர் நம்மைக் குறை கூறவில்லை. "நீங்கள் அனுப்பியிருந்தீர்கள், அதனால் நம்பினேன்" என்று மட்டும் கூறினார். அவர் ஏசியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஹதீஸுக்கு ஸனத் இருந்தது. அதன் கீழே ஒட்டப்பட்டிருந்த மருத்துவக் குறிப்புக்கு ஸனத் இல்லை. இருபது ஆண்டுகளாக உஸூலுல் ஹதீஸ் பாடம் நடத்தும் நாம் அதைக் கேட்காமல் விட்டோம்.

ஆகவே மாணவரிடம், "முதலில் அவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம் தம்பி" என்றோம். விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. யார் எந்த நாளில் எந்தச் சொல்லை மாற்றினார், யார் அதைத் திருப்பி வைத்தார் என்ற வரலாறும் உண்டு. பெரும்பாலோர் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. நாமும் அன்றுவரை பார்த்ததில்லை. ஊதியம் பெறாத மனிதர்கள் ஒரே ஒரு பெயரடைக்காகப் பக்கம் பக்கமாக வாதிட்டிருந்தார்கள். 'நிறுவப்படவில்லை' என்பதா, 'பயனற்றது' என்பதா? 'சிலர் நம்புகின்றனர்' என்பதா, 'செய்வோர் கூறுகின்றனர்' என்பதா? முதலில் இது வீண் தர்க்கமாகத் தோன்றியது. தொடர்ந்து படிக்கப் படிக்க அந்த நடை நமக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது.

மருத்துவம் சார்ந்த வாக்கியங்களுக்கு அங்கே தனி விதி உண்டு. ஒரு நடிகரின் பிறந்த நாளுக்கு நாளிதழ்ச் செய்தி ஆதாரமாகலாம். 'இன்ன மூலிகை இன்ன நோயைத் தீர்க்கும்' என்பதற்கு அது போதாது. ஒரே ஓர் ஆய்வும் போதாது. ஆய்வகக் குடுவையில் நிகழ்ந்ததையோ எலியின் உடலில் நிகழ்ந்ததையோ மனிதனுக்கு உரியதாக எழுதக் கூடாது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட மீளாய்வுக் கட்டுரைகள், உலக சுகாதார நிறுவனம் போன்ற பொறுப்பான அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் ஆகியவற்றையே அவர்கள் கேட்கிறார்கள். அவையும் இயன்றவரை கடந்த ஐந்தாண்டுகளுக்கு உட்பட்டவையாக இருப்பதை விரும்புகிறார்கள். 'எனக்குக் குணமானது' என்ற சொந்த அனுபவத்திற்கு அங்கே இடமே இல்லை.

இத்தனை கடுமை ஏன் என்று கேட்பவர்களுக்கு 1998ஆம் ஆண்டை நினைவூட்டலாம். அவ்வாண்டு 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவரது குழுவினரும் 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டனர். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயத்தை அது கிளப்பியது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அத்தொடர்பு காணப்படவில்லை. 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பரவிய அச்சத்தை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. இன்றும் தடுப்பூசி முகாம் வரும்போது அதன் எதிரொலி நம் மஹல்லாக்களில் கேட்கிறது. ஒற்றை அறிவிப்பு எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், துணை அறிவிப்புகள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

'யாரென்றே தெரியாதவர்கள் எழுதுவதை எப்படி நம்புவது? நம் இமாம்கள் அறிவிப்பாளரின் பெயர், ஊர், நினைவாற்றல், ஒழுக்கம் அனைத்தையும் ஆராய்ந்தார்களே' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் விக்கிப்பீடியாவில் தொகுப்பவர் ராவி அல்லர். அவர் ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுக்கும் வர்ராக் போன்றவர். அவர் சுட்டும் ஆய்வே அங்கே ராவி. அந்த ஆய்வைச் செய்தவர் யார், எத்தனை பேரிடம் செய்தார், மருந்து விற்பவரிடம் பணம் பெற்றாரா என்பனவெல்லாம் உரையாடல் பக்கத்தில் அலசப்படுகின்றன. நாம் ஜர்ஹ், தஃதீல் என்று அழைப்பதன் சாயல் அது. இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையில், நல்லடியார்களின் நாவிலும் அவர்கள் எண்ணாமலேயே பொய் ஓடிவிடும் என்று விளக்குவதை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். தக்வா உள்ளவர் அனுப்பினார் என்பதற்காகச் செய்தி உண்மையாகிவிடாது. தொழுகையாளியான நாமும் அந்தக் கருஞ்சீரகச் செய்தியை அனுப்பியவர்தாம்.

மருத்துவத்தின் பெயரால் நபி (ஸல்) அவர்கள் மீது இட்டுக்கட்டுவதும் நம் காலத்தில் தோன்றியதன்று. கத்தரிக்காய் எல்லா நோய்க்கும் மருந்து என்றொரு 'ஹதீஸ்' முற்காலத்தில் உலவியது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் எடுத்துக்காட்டி, ஒரு மருத்துவர் இப்படிக் கூறினாலும் மக்கள் நகைப்பார்கள் என்ற கருத்தில் கண்டித்தார். நபிமருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவரே என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன கருஞ்சீரக ஹதீஸையும் நம் அறிஞர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளவில்லை. சொல் பொதுவானது, கருத்து குறிப்பிட்ட சில நோய்களைப் பற்றியது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கினார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் கத்தாபீயைப் படித்திருக்க மாட்டார்.

இனி, அந்தத் தொகுப்பாளர்கள் மீது நமக்குள்ள மனக்குறையையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். ஹதீஸ் கலையில் ளயீஃப் வேறு, மவ்ளூஃ வேறு. பலவீனமானது என்று கூறுபவர் பொய்யானது என்று கூறவில்லை. இரண்டையும் குழப்பும் மாணவரைத் தேர்வில் தவறவிடுகிறோம். ஹிஜாமாவைப் பற்றி நடந்த ஆய்வுகள் பல சிறியவை, தரம் குறைந்தவை. எனவே உறுதியாக எதுவும் கூற இயலவில்லை என்பது ஒரு தீர்ப்பு. 'கெட்ட இரத்தம்' என்ற ஒன்று உடலில் தேங்கியிருக்கிறது, குவளை அதை மட்டும் இழுத்துவிடும் என்று கூறி, புற்றுநோய்க்கும் அதையே விற்பது வேறு. பின்னதற்குப் போலி அறிவியல் என்ற பெயர் பொருந்தும், நாமும் அப்படியே அழைப்போம். ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால் மூடி முதல் வரியில் வைப்பது, ளயீஃபையும் மவ்ளூஃவையும் ஒரே பெட்டியில் போடுவதாகும். 'கட்டுரை முழுவதையும் படியுங்கள், ஆய்வுகளின் நிலை உள்ளே இருக்கிறது' என்று அவர்கள் கூறலாம். முதல் வரியைப் படித்துவிட்டுக் கைப்பேசியை மூடுபவர்களே உலகில் அதிகம்.

இந்த மனக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அக்குபங்சர் ஆதரவாளர்களும் ஹோமியோபதி மருத்துவர்களும் இதே சொல்லோடு நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். ஆயுர்வேத மருந்து உற்பத்தியாளர்களின் சங்கம் ஒன்று தங்கள் பக்கத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 அக்டோபரில் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்து, கட்டுரையை நீங்களே தொகுக்கலாமே என்ற கருத்தைத் தெரிவித்தது. கூறுவது எளிது. சர்ச்சைக்குரிய பக்கங்கள் சிலவற்றுக்குப் பூட்டு உண்டு. 30 நாள் பழமையும் 500 தொகுப்புகளும் உள்ள கணக்குகளுக்கு மட்டுமே அது திறக்கும். மற்றவர்கள் உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைக்க வேண்டும். ஆயினும் நீதிமன்றம் காட்டிய திசை சரியானது என்றே நாம் கருதுகிறோம். மருந்து விற்பவர் ஆணை பெற்றுவந்து மருந்தைப் பற்றிய வாக்கியத்தை மாற்றும் கலைக்களஞ்சியத்தை நோயாளி எப்படி நம்புவார்?

அங்கே பட்டத்திற்கும் தனிச் சலுகை இல்லை. 2009இல் ரோர்ஷாக் மைத்தடச் சோதனையின் 10 படங்களும் விக்கிப்பீடியாவில் வைக்கப்பட்டன. முன்பே படத்தைப் பார்த்தவரிடம் சோதனை பலிக்காது என்று உளவியலாளர்கள் கொதித்தார்கள். படங்களை ஏற்றியவரும் கனடாவின் ஒரு மருத்துவரே. அவர் மீது மருத்துவர் மன்றத்தில் புகார் வரை சென்றது. படங்கள் 1921இல் வெளியானவை, பொதுவுடைமையாகிவிட்டவை என்ற வாதம் வென்றது. அது சரியா என்பதில் நமக்கு இன்றும் ஐயம் உண்டு. நோயாளிக்குத் தீங்கு நேருமோ என்ற கேள்விக்கு உரிமைச் சட்டம் விடையாகாது.

நாம் வியந்தது வேறொன்றை. டெங்கு காய்ச்சலைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை, தொகுத்துத் தொகுத்துச் செப்பனிடப்பட்டு, துறை அறிஞர்களின் மதிப்பீட்டைக் கடந்து, 2014இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. மழைக்காலம் வந்தால் நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் டெங்கு! அப்போது நம் மக்கள் தேடுவது தமிழில். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. நம் சமுதாயத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர் இருக்கிறார்கள், மருந்தாளுநர் இருக்கிறார்கள். அறபும் ஆங்கிலமும் தமிழும் அறிந்த ஆலிம்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் கோபத்தோடு சொல்லை அழிக்க இருபது பேர் கிடைக்கும்போது, ஒரு நோயைப் பற்றித் தமிழில் சான்றுகளோடு எழுத இருவர் கிடைக்க மாட்டார்களா?

மாணவரிடம் இதையெல்லாம் பேசி முடிக்க இஷா ஆகிவிட்டது. அவருக்கு முழு நிறைவு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்படியானால் விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்றார். விடச் சொல்லவில்லை என்றோம். இருவரும் அமர்ந்து ஒரு கோரிக்கையை எழுதினோம். அதில் இரண்டே வேண்டுதல்கள். ஹிஜாமாவுக்கு முஸ்லிம்களின் வழக்கத்தில் உள்ள இடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. அதற்குப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூலைச் சான்றாகக் காட்டினோம். 'நிறுவப்படவில்லை' என்பதையும் 'போலி' என்பதையும் முதல் பத்தியில் பிரித்து எழுத வேண்டும் என்பது மற்றொன்று. இதற்கு மீளாய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடியதில் மாணவர் மூன்று இரவுகளைக் கழித்தார். தேடும்போது தமக்குப் பிடிக்காத ஆய்வுகளையும் படிக்க நேர்ந்தது என்று சற்று வருத்தத்தோடு கூறினார். இதை எழுதும் வரை கோரிக்கைக்கு விடை வரவில்லை.

அந்தக் குழுக்கள் நான்கிலும் நம் தவறை எழுதி அனுப்பினோம். முதல் செய்தியைப் பகிர்ந்த அளவுக்கு எவரும் அதைப் பகிரவில்லை. விரலை இழந்த சகோதரர் இப்போது மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறார். காலையில் ஒரு சிட்டிகை கருஞ்சீரகமும் உண்கிறார், மருத்துவரிடம் சொல்லிவிட்டு.